கைவசம் நாலு நாள்

பேட்டரி தீர்ந்துவிட்டது என்றுதான் பெரியவள் நினைத்தாள். அப்பாவின் விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பில் எண் வரவில்லை. இரண்டு சின்னக் கோடுகள் மட்டும் தெரிந்தன. டிவி ரிமோட்டைத் திறந்து, அதிலிருந்த இரண்டு பேட்டரிகளை எடுத்து இதில் போட்டு மறுபடி மாட்டினாள். கோடுகள். தன் விரலில் மாட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு என்று பளிச்சென்று வந்தது. அப்பாவின் நடுவிரலில் மாட்டினாள், பிறகு இன்னொரு கையில். விரல் குளிர்ந்திருப்பதால்தான் எடுக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அடுக்களையில் அப்பாவுக்காக வைத்த வெந்நீர் கொதித்துத் தளும்பிக்கொண்டிருந்தது. அவள் கணவன்தான் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தான்.

"என்ன பண்ணிட்டிருக்கே?"

"இது கெட்டுப்போச்சு. கடை திறந்ததும் வேற வாங்கணும்."

அவன் கிளிப்பைப் பார்க்கவில்லை. மாமனாரின் முகத்தைப் பார்த்தான். குனிந்து மூக்கருகே கையை வைத்துப் பார்த்தான். அப்புறம் அவள் கையிலிருந்த கிளிப்பை மெதுவாக வாங்கிக்கொண்டு, "இது நல்லாத்தான் இருக்கு" என்றான்.

மணி ஆறே முக்கால். அடுத்த தெரு டாக்டர் பனியன் மேல் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், கண்ணில் டார்ச் அடித்தார், இரண்டே நிமிஷம்தான். "சுமாரா ஆறரைன்னு போட்டுக்கட்டுமா?" என்று கேட்டார். பெரியவள் தலையாட்டினாள். அப்பாவுக்கு மட்டும் காது கேட்டிருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டார். பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்த மனிதர் அவர். எந்த வண்டியும் சுமாராகக் கிளம்பாது, சுமாராக வந்து சேராது என்பார். மனைவிக்குப் பிரசவ வலி எடுத்தபோதுகூட, கிளம்பிய நேரத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டுதான் ஆட்டோவில் ஏறினார்.

பெரியவளுக்கு அழுகை வரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஜன்னல் கதவு சத்தம் போடுகிறது என்று சண்டை பிடித்தவர், எண்ணெய் போட ஆள் வைத்திருக்கிறாயா என்று கேட்டவர், இப்படிக் கிடந்தால் எங்கிருந்து அழுவது. நாலு மாதமாக இது வரும் வரும் என்று தெரியும். ஆனால் இன்றைக்கு என்று யாரும் சொல்லவில்லையே.

டாக்டர் படியிறங்கியதும் அவள் முதலில் நினைத்தது தம்பியை. சின்னவன் ஐரோப்பாவில் ஒரு நாட்டில், முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸாக வேலை பார்க்கிறான். போய் ஐந்தரை வருஷம் ஆகப்போகிறது. ஆறு வருஷம் அங்கே குப்பை கொட்டினால் குடியுரிமைக்கு மனுப் போடலாம். ஆனால் அந்த ஆறு வருஷத்தில் மொத்தமாகத் தொண்ணூறு நாளுக்கு மேல் நாட்டை விட்டு வெளியே இருந்திருக்கக் கூடாது. தொண்ணூற்றொன்று ஆனால் போச்சு, மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

இந்த விதி தெரிந்த அன்றைக்கே அப்பா அலமாரியிலிருந்து டிப்போவின் பழைய டிரிப் ஷீட் ஒன்றை உருவி, பையனின் பெயருக்கு ஒரு வண்டி ஓட்ட ஆரம்பித்துவிட்டார். வெளியே போன நாள், உள்ளே வந்த நாள், காரணம். அம்மா இறந்ததற்கு இருபத்தாறு நாள். அக்கா கல்யாணத்துக்கு இருபத்தெட்டு நாள். லீவில் வந்து போனதற்கு முப்பத்திரண்டு நாள். ஆக எண்பத்தாறு. கடைசி வரியில் சிவப்பு மையில் 'கைவசம் நாலு நாள்' என்று எழுதி அடிக்கோடு போட்டு வைத்திருந்தார். அவர் கணக்குப்படி ஆறு வருஷம் முடிய இன்னும் ஏழு மாதம் பாக்கி.

நாலு மாதத்துக்கு முன்னால் காலெல்லாம் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, இதயம் கால்வாசி பலத்தில்தான் ஓடுகிறது என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் அப்பா மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"சின்னவனுக்கு மூச்சு விடக் கூடாது. அவன்கிட்ட நாலு நாள்தான் இருக்கு."

"நாலு நாள் வந்து பார்த்துட்டுப் போகட்டுமேப்பா."

"கிளம்பற நாளும் வெளிய, போய்ச் சேர்ற நாளும் வெளிய. மிச்சம் ரெண்டு. பிளேன் லேட்டாச்சு, ஸ்டிரைக்குன்னு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? திரும்பவும் ஆறு வருஷம் அவன் கிழவன் கிழவியையெல்லாம் குளிப்பாட்டிட்டு உட்கார்ந்திருக்கணுமா? நான் போயிட்டாக்கூட சொல்லாதே. பேப்பர் அவன் கைக்கு வந்தப்புறம் சொல்லிக்கலாம்."

அன்றைக்குப் பெரியவள் சிரித்துவிட்டாள். ஆனால் அப்பா சொன்னால் சொன்னதுதான். அப்புறம் நாலு மாதம், அவர் போட்ட அட்டவணைப்படி எல்லோரும் பொய் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு சின்னவன் கூப்பிடுவான். அரை மணி நேரம் முன்பே ஆக்சிஜன் மெஷினைக் கூடுதலாக வைத்து, மாத்திரை கொடுத்து, சாய்த்து உட்கார வைப்பார்கள். மணி அடித்ததும் மூக்குக் குழாயைக் கழற்றி, மெஷினை நிறுத்தி, போனைக் கையில் கொடுப்பார்கள். நர்ஸ் பையன், முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவான் என்று போன் கேமரா மேல் அவள் கணவன் பிளாஸ்திரியை ஒட்டி, கேமரா உடைந்துவிட்டது என்று சொல்லியாயிற்று. புது போன் அனுப்புகிறேன் என்றவனை, பேசுவதற்குக் காது போதும் என்று அப்பாவே அடக்கிவிட்டார். மூச்சு இழுக்காதபடி நாலு நாலு வார்த்தையாகப் பேசுவார். "என்னப்பா, தந்தி மாதிரி பேசறீங்க" என்று அவன் கேலி செய்வான். குடியுரிமைப் பேச்சை மட்டும் யாரும் எடுப்பதில்லை. பையனுக்கு டென்ஷன் ஆகும் என்பது அப்பாவின் உத்தரவு. அவனும் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

எட்டு மணிக்கெல்லாம் கண்டக்டர் மாமா வந்துவிட்டார். அப்பாவோடு ஒரே டிப்போவில் வேலை பார்த்தவர், இந்த வீட்டில் பாதி நாள் சாப்பிட்டவர். வாயில் சனி என்று அப்பா அவரைத் திட்டாத நாள் கிடையாது. அவர் வந்து ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, கண்ணாடிக்குள் தெரிந்த நண்பரை வெகுநேரம் பார்த்தார். "எனக்கு முன்னாடி கிளம்பிட்டியேடா" என்று மட்டும் சொன்னார். வேறெதுவும் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பதைப் பார்த்துத்தான் வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்பது பெரியவளுக்கு உறைத்தது.

"சின்னவனுக்குச் சொல்லணும்" என்றாள்.

"சொல்லாதேன்னு அவர் கண்டிப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு" என்றான் அவள் கணவன்.

"எப்படிங்க சொல்லாம இருக்கறது? ஏழு மாசம் கழிச்சு, அப்பா செத்து ஏழு மாசம் ஆச்சுன்னு சொல்லவா?"

கண்டக்டர் மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நாலு நாள் இருக்குல்ல பாப்பா. இன்னைக்குக் கிளம்பினா நாளைக்கு மத்தியானம் இங்க. நாளான்னைக்குக் காலையில ஏத்தி விட்டுடலாம், அதுக்கு அடுத்த நாள் அங்க. சரியா நாலு. உங்கப்பன் எதுக்கு அந்த நாலை மிச்சம் பிடிச்சு வெச்சிருந்தான்னு நினைக்கறே?"

அதைக் கேட்டதும் பெரியவளுக்குத் தெம்பு வந்தது. சரியாக நாலு. அப்பாவே அவனுக்கு டிக்கெட் போட்டு வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. அங்கே விடியட்டும் என்று காத்திருந்து, பதினொரு மணிக்கு போன் செய்தாள். டிரிப் ஷீட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டாள்.

"அக்கா, ஒரு நிமிஷம் இரு" என்றான் சின்னவன், எடுத்ததும் எடுக்காததுமாக. "ஒருத்தரைக் குளிப்பாட்டிட்டு இருக்கேன். சட்டையைப் போட்டுவிட்டு வந்துடறேன்."

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு கிழவர் முனகினார். சின்னவன் அந்த ஊர் பாஷையில் அவரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தான். யார் வீட்டு அப்பாவோ. பெரியவள் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அந்தச் சட்டைக்கு நூறு பொத்தான் இருக்கக் கூடாதா என்று இருந்தது.

"சொல்லுக்கா. என்ன இந்த நேரத்துல?"

"டேய்… அப்பா இறந்துட்டாருடா. இன்னைக்குக் காலையில."

"எந்த அப்பா?" என்று கேட்டான்.

ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் மட்டும் வந்தது.

"எடுத்துடாதீங்க, வெச்சிருங்க" என்றான் கடைசியில். குரல் தட்டையாக இருந்தது. "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்."

"கேளுடா. நான் சொல்றதைக் கவனமா கேளு. உன்கிட்ட நாலு நாள்தான் இருக்கு, நாளான்னைக்குக் காலையிலயே நீ திரும்பிடணும். அப்பாவோட ஷீட்டைப் பார்த்துத்தான் சொல்றேன். டிக்கெட் போடும்போதே—"

"அந்தக் கணக்கு இல்லக்கா."

"என்ன இல்ல?"

"அந்த நாள் கணக்கே இப்ப இல்ல. எனக்குக் குடியுரிமை வந்து மூணு மாசம் ஆச்சு."

பெரியவள் ஷீட்டைப் பார்த்தாள். ஏழு மாதம் பாக்கி என்று அப்பாவின் கையெழுத்து சொன்னது. எதிரே கண்டக்டர் மாமா என்ன என்று புருவத்தை உயர்த்தினார்.

"ஆறு வருஷம் ஆகலையே" என்றாள்.

"நர்ஸ் வேலைக்கு ஆள் பத்தலைன்னு ஒரு வருஷம் குறைச்சாங்க. சத்தமில்லாம மனுப் போட்டேன், கிடைச்சுடுச்சு. அப்பாவுக்கு இந்த மாசம் எழுபது முடியுது இல்லியா, அன்னைக்குச் சொல்லாம வந்து வாசல்ல நிக்கணும்னு இருந்தேன். அதுக்காக லீவெல்லாம் சேர்த்து வெச்சு, இப்ப நான் வெளிநாட்டுக்காரன் இல்லியா, விசா கூட வாங்கிட்டேன். இன்னும் பதினோரு நாள்தான்க்கா." அங்கே அவன் குரல் முதல் தடவையாக உடைந்தது. "ஞாயித்துக்கிழமை நல்லாத்தானே பேசினாரு? திடீர்னு எப்படி?"

அவள் வாயைத் திறந்தாள். மூன்று மாதம். பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை. போன மாதம் ஒரு நாள் குழாயைக் கழற்றிய அப்பா, அதை மறுபடி மாட்டும்வரை கண்ணில் நீர் முட்ட அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கு இவன் பையில் அந்த நாட்டு பாஸ்போர்ட் இருந்திருக்கிறது. கூப்பிட்டிருந்தால் மறுநாள் வந்திருப்பான். எதற்காக இத்தனையும் செய்தோம்?

"திடீர்னுதான்டா" என்றாள். "தூக்கத்துலயே."

"கஷ்டப்படலையே?"

"இல்ல."

"அது போதும்க்கா" என்று அவன் வைத்துவிட்டான்.

விஷயத்தைக் கேட்டதும் கண்டக்டர் மாமா எழுந்தார், உடனே மறுபடி உட்கார்ந்தார். "விசாவா? அப்பனைப் பார்க்க வர்றதுக்கு விசா வாங்கி வெச்சுட்டு வாயை மூடிட்டு இருந்தானா?" என்றார். பிறகு, "நாமளும்தான் மூடிட்டு இருந்தோம்" என்று தனக்கே சொல்வதுபோல் முணுமுணுத்தார். பெரியவளுக்கு அந்த இரண்டு பேர் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெட்டிக்குள் கிடக்கும் மனுஷனையும், விமானம் ஏறப்போகும் மனுஷனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பளார் பளார் என்று அறைய வேண்டும்போல் இருந்தது. கூடவே தன்னையும்.

"அவனுக்குத் தெரிய வேணாம்" என்றான் அவள் கணவன். "தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? மூணு மாசத்தை யாராவது திருப்பித் தர முடியுமா? காலம் பூரா அதையே நினைச்சுட்டு இருப்பான்."

அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் ஒழித்துக் கட்டிவிட்டார்கள். ஆக்சிஜன் மெஷின் போர்வை சுற்றிப் பக்கத்து வீட்டு மாடிக்குப் போனது. மாத்திரை அட்டைகள், எக்ஸ்ரே உறைகள், ஆஸ்பத்திரிச் சீட்டுகள் எல்லாம் ஒரு கோணிப்பைக்குள் போயின. மூன்று தலையணைகளில் இரண்டு பரண் ஏறின. கட்டிலுக்கடியில் இருந்த சிறுநீர்ப் பாத்திரத்தைக் கண்டக்டர் மாமாவே கழுவிக் கவிழ்த்தார். நாலு மாதப் பழக்கம், யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு சாமர்த்தியமாகச் செய்கிறோமே என்று பெரியவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் பன்னிரண்டே காலுக்கு சின்னவன் வந்தான். டாக்சியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியோடு இறங்கினான். கதறுவான் என்று எதிர்பார்த்து நாலைந்து பேர் தாங்கிப் பிடிக்கத் தயாராக நின்றார்கள். அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். நேராகப் பின்பக்கம் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான், நகக்கண் வரைக்கும். துடைத்துக்கொண்டு வந்து பெட்டியருகே நின்றான்.

"மூடியைத் திறக்கணும்" என்றான்.

"ரெண்டு மணிக்கு எடுக்கறோம்ப்பா" என்றார் கண்டக்டர் மாமா. "வண்டி வந்து நிக்குது. அந்தப் பாஸ்போர்ட்டைக் கொண்டு வந்திருந்தா ஒரு தடவை அவன் முகத்துக்கு நேரா காட்டேன்."

"பெட்டியில இருக்கு மாமா" என்றான். எடுக்கப் போகவில்லை.

மூடியைத் திறந்தார்கள். அவன் அப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான். முகத்தைத் தொட்டான், தாடையைத் தொட்டான். தலைமுடியைக் கையால் ஒதுக்கினான். மகன் அப்பாவைத் தொடுவதாகத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. பெரியவளுக்கு மட்டும் வேறு மாதிரி தெரிந்தது. அந்தக் கை அழவில்லை, தேடிக்கொண்டிருந்தது. போர்வையை விலக்கிப் பாதத்தைப் பார்த்தது. புறங்கையைத் திருப்பியது. அங்கே ஊசி போட்ட இடம் மஞ்சளும் நீலமுமாகக் கன்றிக் கிடந்தது. அதையாவது ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று அவள் வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, சின்னவன் அப்பாவின் வலது காது மடலை ஒரு விரலால் மெல்ல மடித்து அதன் பின்னால் பார்த்தான்.

நாலு மாதம் இரவும் பகலும் ஆக்சிஜன் குழாய் அழுத்திய இடம். தோல் கறுத்து, தடித்து, நடுவில் பிளந்து ஒரு கீறலாக இருந்தது. வீட்டில் அத்தனையையும் மறைத்தவர்களுக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. தினமும் இந்த மாதிரிக் காதுகளைப் பார்க்கிறவனுக்கு முதலில் பார்க்கத் தோன்றிய இடமே அதுதான்.

"எத்தனை மாசம்க்கா?" என்று கேட்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

கண்டக்டர் மாமா தொண்டையைக் கனைத்தார். "தம்பி, வயசானா அங்கங்க—"

"நாலு" என்றாள் பெரியவள்.

அவன் தலையசைத்தான்.

"நாலு நாள்தான் பாக்கி இருக்கு, உனக்குச் சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு. நான் அவர் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது. ஏதாவது திட்டுடா. வாயைத் திறந்து திட்டு."

"நானும்தான் சொல்லலை" என்றான்.

ஐஸ் பெட்டியின் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார்கள். சின்னவன் தன் முழங்காலைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு, "கொஞ்சம் வெந்நீர் வேணும்" என்றான். "பஞ்சும். வாஸ்லின் இருந்தா அதுவும்."

பெரியவள் கொண்டுவந்து வைத்தாள். அவன் பஞ்சை நனைத்துப் பிழிந்து, காதுக்குப் பின்னால் காய்ந்திருந்ததை ஓரத்திலிருந்து ஒற்றி ஒற்றி எடுத்தான். அழுத்தவில்லை. சுத்தமானதும் விரல் நுனியில் வாஸ்லினைத் தொட்டுப் பிளவின் மேல் தடவினான். மெல்லிய குரலில் அந்த ஊர் பாஷையில் என்னவோ சொன்னான், நேற்று போனில் கேட்ட அதே குரல்.

வெளியே வண்டி ஒரு முறை ஹாரன் அடித்தது. கண்டக்டர் மாமா கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு பத்து. வாசலுக்குப் போய், அடிக்காதே என்று டிரைவருக்குக் கையைக் காட்டினார்.

சின்னவன் வெந்நீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தான். தலைமாட்டைச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்து, அப்பாவின் இடது காதை மடித்தான்.